அரை டன் வேகம்

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில் ஓர் எடை மேடை இருக்கிறது. நெல் லாரியும் எம்-சாண்ட் டிப்பரும் ஏறி இறங்கும் இடம். போன ஆனிச் சாரலில், லாரி வரத்து ஓய்ந்திருந்த ஒரு மதியம், என் பழைய மாருதி 800-ஐ அதில் ஏற்றினேன். சீட்டுப் போடுகிறவர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வெறும் வண்டியவா எடை போடுதீய?" என்றார். சீட்டில் 670 கிலோ வந்தது. பின்னாலேயே நண்பர் தன் ஏழு பேர் அமரும் டீசல் வண்டியை ஏற்றினார். அது 1,780. இரண்டு சீட்டுகளும் இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன.

அன்று மாலையே இரண்டு வண்டிகளையும் புளியரை எஸ் வளைவுக்கு எடுத்துப் போனோம். ஆரியங்காவு வரை ஏறி, திரும்பி இறங்கினோம். கேரளாவுக்குக் காய்கறியும் கல்லும் ஏற்றிப் போகும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பழகியவர்களுக்கு அந்தச் சாலையின் வாசனை தெரியும். ஈர மண்ணும் தேக்கிலையும் கலந்த காற்றில் கருகிய பிரேக் லைனிங் நெடி. கீழே வந்து நிறுத்தியதும் நண்பரின் முன்சக்கரத்தருகே அந்த நெடி அடித்தது. என் வண்டியில் இல்லை.

இதில் மர்மம் எதுவும் இல்லை, வெறும் பள்ளிக்கூடக் கணக்கு. 1,780 கிலோ நூறு மீட்டர் உயரம் இறங்கினால், அது கைவிடும் ஆற்றல் ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். 670 கிலோ இறங்கினால் இரண்டு லிட்டர். கியரைக் குறைத்து ஒரு பங்கை எஞ்சினிடம் தள்ளலாம், மீதி முழுக்க பிரேக்கின் தலையில்தான். ஏறும்போது இதே கணக்கு எஞ்சினிடம் கடன் கேட்கிறது, வளைவில் டயரிடம் கேட்கிறது. பாரம் இரட்டித்தால் டயரின் பிடியும் இரட்டிக்கும் என்று நினைப்போம். அது இரட்டிக்காது, கொஞ்சம் குறைவாகவே கூடும். ஆகவே எடையைக் குறைத்தவனுக்கு ஏற்றம், இறக்கம், வளைவு மூன்றிலும் லாபம். எஞ்சினைப் பெரிதாக்கியவனுக்கு ஏற்றத்தில் மட்டும்தான்.

வேகக் கார் என்றதும் நம் மனதில் பெரிய எஞ்சினும் பெரிய பணமும்தான் வருகின்றன. எனக்கு வருவது வேறொரு கேள்வி. ஒரு சிறு பட்டறை, இருபது முப்பது ஆட்களோடு, சாலையில் ஓடும் ஒரு நல்ல வேகக் காரைச் செய்ய முடியுமா? உலகத்தில் செய்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறார்கள். அந்த முயற்சிகள் எங்கே பிழைத்தன, எங்கே நின்றன என்று பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. சிறு பட்டறைக்கு எடைக் குறைவுதான் முதல். அந்த முதலை நம் நாட்டில் பந்தயப் பாதை வாங்கிக்கொண்டது. சாலை வாங்கிக்கொள்ளவில்லை.

ஏன் எடைக் குறைவே முதல் என்கிறேன்? எஞ்சின் செய்ய வார்ப்படச்சாலை, அச்சுகள், புகைச் சோதனைக்கூடம் எல்லாம் வேண்டும். பெரிய கம்பெனிகளே ஒரே எஞ்சினை நாலைந்து வண்டிகளில் போட்டுத்தான் அந்தச் செலவை மீட்கின்றன. பட்டறைக்காரர் எஞ்சினை வெளியில்தான் வாங்கியாக வேண்டும், அதுவும் எல்லோருக்கும் கிடைக்கும் சாதாரண எஞ்சினை. அவர் கைக்குள் இருப்பது அந்த எஞ்சின் சுமக்க வேண்டிய பாரம் ஒன்றே. இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1952-ல் லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கியபோது இந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டார். 1957-ல் வந்த லோட்டஸ் செவனில் கதவுகூடக் கிடையாது. மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த கூடு, மேலே அலுமினியத் தகடு, இரண்டு இருக்கை, அவ்வளவுதான். 1973-ல் அதைச் செய்யும் உரிமையைக் கேட்டர்ஹாம் வாங்கியது, இன்றுவரை செய்துகொண்டிருக்கிறது. 2021-ல் அவர்கள் கொண்டுவந்த செவன் 170 எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. அதன் எடை 440 கிலோ. உள்ளே இருப்பது ஜப்பானில் சின்னக் கார்களுக்குப் போடும் 658 சிசி சுசுகி டர்போ எஞ்சின், 84 குதிரைத்திறன். டன்னுக்குக் கணக்கிட்டால் 190 குதிரைத்திறனுக்கு மேல். நண்பரின் டீசல் வண்டிக்கு அது 75-ஐத் தொடவில்லை.

1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ் இதே கணக்கை இன்னொரு படி மேலே கொண்டுபோனது. அதன் அடிச்சட்டம் ஜன்னல் சட்டங்களைப் போல நீளவாக்கில் இழுத்தெடுத்த அலுமினியத் துண்டுகளால் ஆனது. அவற்றைப் பற்றவைக்காமல் எப்பாக்சி பசையால் ஒட்டினார்கள். பற்றவைக்கும் சூட்டில் அலுமினியம் இளகி வலு குறையும், அதை ஈடுகட்டத் தடிமன் கூட்ட வேண்டும். ஒட்டினால் அந்தத் தடிமன் தேவையில்லை. அடிச்சட்டம் முழுவதும் 68 கிலோ, முழு வண்டி 725 கிலோ. என் மாருதியைவிட ஐம்பத்தைந்து கிலோதான் அதிகம். 118 குதிரைத்திறன் கொண்ட ரோவர் எஞ்சினோடு, தன்னைவிட இரு மடங்கு விலையுள்ள கார்களோடு அது வளைவுகளில் போட்டி போட்டது.

இந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சாப்மனின் பந்தயக் கார்களில் பாகங்கள் எல்லைவரை மெலிந்திருந்தன. 1970-ல் மான்சாவில் யோகன் ரிண்ட் ஓட்டிய லோட்டஸ் 72-ல் முன்பிரேக்கின் தண்டு உடைந்தது, அவர் உயிர் போனது. அந்த ஆண்டு உலகப் பட்டம் இறந்தவருக்கே கிடைத்தது. எடையைக் குறைப்பதும் பலத்தைக் குறைப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதை அந்தத் துறை இப்படி உயிர் கொடுத்துத்தான் கற்றது.

இனி நம் பக்கம். கோயம்புத்தூரிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜி.டி.நாயுடு 1952-ல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார், விலை இரண்டாயிரம் ரூபாய், அரசு உரிமம் தராததால் அது உற்பத்திக்கு வரவில்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது வேகக் கார் இல்லை. ஆனாலும் சிறியவன் சின்ன வண்டி செய்யலாம், சாலைக்குக் கொண்டுவருவதுதான் கடினம் என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அடுத்த கட்டம் பெங்களூரில். 1980-களின் தொடக்கத்தில் சிபானி ஆட்டோமொபைல்ஸ், இங்கிலாந்தின் சிறு கம்பெனியான ரிலையன்ட்டின் கிட்டன் காரை அடிப்படையாக வைத்து டால்ஃபின் என்ற காரைக் கொண்டுவந்தது. 848 சிசி அலுமினிய எஞ்சின், இரண்டு கதவு, மேலுடல் முழுக்க ஃபைபர். எடை அரை டன்னைச் சற்றே தாண்டும். அன்றைய பிரீமியர் பத்மினிக்கும் ஏறத்தாழ அதே நாற்பது குதிரைத்திறன்தான், ஆனால் அதன் எடை கிட்டத்தட்ட 900 கிலோ. பந்தயக்காரர்கள் இந்த வித்தியாசத்தை உடனே பிடித்துக்கொண்டார்கள். சோழவரத்துப் பந்தயங்களில் டால்ஃபின் ஓடியது.

குடும்பஸ்தர்கள் அதை வேறு விதமாகப் பார்த்தார்கள். சிறுவனாக இருந்தபோது ஒரு சீசனில் குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில் ஒரு டால்ஃபின் நின்றிருந்தது. எண்ணெய் தேய்த்த உடம்போடு அருவிக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் நின்று அதன் பானட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்கள். இரும்பின் 'டங்' வரவில்லை, 'டப் டப்' என்று மந்தமாக ஒலித்தது. என் மாமா இரண்டு தட்டு தட்டிவிட்டு, "படகுல செஞ்சிருக்கான்டே, முட்டுனா தேங்காச் செரட்டதான்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. ஐந்தருவிச் சாலைப் படகுக் குழாமில் மிதக்கும் படகும் அந்தக் காரும் ஒரே பொருள்தான். கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து ரெசினை ஊற்றி இறுக வைத்தது. இரும்புத் தகட்டை அழுத்திக் கார் உடல் செய்ய பெரிய பிரஸ்ஸும் விலையுயர்ந்த அச்சுகளும் வேண்டும். இதற்கு ஒரு மர அச்சும் பொறுமையும் போதும். அதனால்தான் உலகத்துச் சிறு கார்க்காரர்கள் எல்லோரும் ஃபைபரைத் தேடிப் போனார்கள். ஆனால் நம் ஊரில் பலம் என்பது காதால் கேட்டு அறியும் பொருளாக இருந்தது. 1983 டிசம்பரில் நாலு கதவோடும் இரும்பு உடலோடும் மாருதி வந்த பிறகு டால்ஃபினுக்குச் சந்தை இல்லாமல் போனது.

அதே மாருதியின் எஞ்சினை எடுத்துத்தான் எஸ்.கரிவரதன் இந்தக் கதையின் சிறந்த பக்கத்தை எழுதினார். கோவைத் தொழில் குடும்பத்துக்காரர், தானே பந்தயக்காரர். அதுவரை நம் பந்தயங்களில் வெளிநாட்டில் ஓடி முடித்த கார்கள் வாங்கக்கூடியவர்கள் ஒரு பக்கம், வீட்டுக் காரைத் திருத்தி ஓட்டுகிறவர்கள் மறு பக்கம். நடுவில் ஒன்றுமில்லை. 1980-களின் இறுதியில் கரி செய்த ஃபார்முலா மாருதி அந்த இடைவெளியை நிரப்பியது. இரும்புக் குழாய்க் கூடு, ஒற்றை இருக்கை, ஓட்டுநருக்குப் பின்னால் 796 சிசி மாருதி எஞ்சின், மெல்லிய ஃபைபர் உடல். எஞ்சின் பாகம் உடைந்தால் எந்த ஊர் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். கூடு வளைந்தால் எந்த வெல்டரும் நிமிர்த்துவார்.

எல்லோருக்கும் ஒரே கார் என்பதால் வித்தியாசம் ஓட்டுகிறவரிடம் மட்டுமே இருந்தது. அதுதான் அந்தக் காரின் உண்மையான சாதனை என்பேன். நரேன் கார்த்திகேயன் 1993-ல் ஃபார்முலா மாருதியில் ஓடினார். 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1-ல் ஓடிய முதல் இந்தியரானார். ஒரு மாருதி எஞ்சினும் நாலு குழாயும் அந்தப் பாதையின் முதல் படியாக இருந்தன என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிறது. கரி 1995 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தார், நாற்பத்தொரு வயதில். செட்டிப்பாளையத்தில் பின்னாளில் எழுந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அவரோடு வேலை நின்றுவிடவில்லை. எல்.ஜி.பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் ஆதரவில் எல்ஜிபி ஃபார்முலா கார்கள் வந்தன, மாருதியின் 1,300 சிசி எஞ்சினோடு. இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிப்பாளையத்திலும் பல தலைமுறைப் பிள்ளைகள் அவற்றில் பழகினார்கள். பம்ப்செட், நூற்பாலை எந்திரம், வார்ப்படம் என்று பழகிய கோவையில் குழாய் வளைக்கவும் சஸ்பென்ஷன் கைகளைக் கடையவும் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வேகக் காரைப் பற்றிப் பேசும்போது நாம் மேதைகளைத் தேடுகிறோம். கோவையில் இருந்தது நல்ல லேத்காரர்களின் தெருக்கள். எனக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது.

சாலைக்கு வர முயன்றவர்களின் கதை சுருக்கமானது. 1990-களின் இறுதியில் சான் மோட்டார்ஸ், ஃபைபர் உடலும் 1,149 சிசி ரெனோ எஞ்சினும் கொண்ட சான் ஸ்டார்ம் என்ற திறந்த காரைக் கொண்டுவந்தது. மும்பைக்கு அக்கரையில் அலிபாகில் சிங்காரா மோட்டார்ஸ், லோட்டஸ் செவனின் சாயலில் ஒரு ரோட்ஸ்டர் செய்தது. அதில் கான்டெஸ்ஸாவில் வந்த 1,800 சிசி இசுசு எஞ்சின். இரண்டும் சிறு எண்ணிக்கையிலேயே நின்றன. 2012 ஆட்டோ எக்ஸ்போவில் திலீப் சாப்ரியாவின் டிசி அவந்தி பெரும் கூட்டத்தை இழுத்தது. அதன் தோற்றம் வேகக் காருடையது, எடையோ ஒன்றரை டன். சிறு பட்டறையின் ஒரே முதலை அந்தக் கார் கையிலெடுக்கவே இல்லை என்பது என் கருத்து. 2021-ல் மும்பையின் வஜிரானி நிறுவனம் எகாங்க் என்ற ஒற்றை இருக்கை மின்காரை 738 கிலோவில் காட்டியது. பேட்டரி சுமக்கும் காரில் அந்த எடை அரிய செயல். ஆனால் அதுவும் ஓடிக் காட்டியது சோதனைத் தடத்தில்தான்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு நேராகப் பதில் சொல்லியாக வேண்டும். லாரியும் அரை டன் காரும் மோதினால் இயற்பியல் லாரியின் பக்கம். 2014-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் அன்றைய ஆல்டோ 800 ஒரு நட்சத்திரமும் வாங்கவில்லை. 'லேசான வண்டி' என்றாலே தகர டப்பா என்ற எண்ணம் அதற்குப் பின் இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டது. ஆனால் அந்தக் கார்கள் லேசாக இருந்தது விலையைக் குறைக்க. கூட்டின் வடிவத்திலேயே வலுவை வைத்துப் பின் மிச்சத்தைக் கழிப்பது வேறு முறை. பந்தயக் காரின் குழாய்க் கூடு உருண்டு விழுந்தும் ஓட்டுநர் எழுந்து நடந்து போவதைச் செட்டிப்பாளையத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். இன்னொரு குறை நம் ஊருக்கே உரியது. ஆடிக் காற்றில் ஆய்க்குடி, சுரண்டைப் பக்கம் திறந்த வெளியில் போகும்போது என் மாருதியை ஒரு கை பக்கவாட்டில் தள்ளுவதுபோல் இருக்கும். நண்பரின் வண்டி அசையாது. லேசான காரைச் செய்கிறவர் காற்றுக்கும் சேர்த்து வடிவம் யோசிக்க வேண்டும்.

இவை எல்லாம் பொறியியலில் தீர்வு உள்ள சிக்கல்கள். தீர்வில்லாமல் நிற்பது சட்டத்தின் வாசல். மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி எந்த வண்டியும் சாலைக்கு வரும் முன் அதன் மாதிரி சோதனைச்சாலையில் தேற வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒன்று என்று சில இடங்களே உள்ளன. 2017 அக்டோபரிலிருந்து புதிதாக வரும் கார் மாடல்களுக்கு மோதல் சோதனையும் சேர்ந்தது, 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ் 6 புகை விதி. இந்த விதிகள் எதையும் நான் குறை சொல்லவில்லை, உயிர்களைக் காப்பவை அவை. ஆனால் மோதலுக்கென்று கார்களை நொறுக்க வேண்டும். லட்சம் கார் விற்பவருக்கு அது சில்லறைச் செலவு. ஆண்டுக்கு இருபது கார் செய்பவருக்கு அவருடைய ஆண்டு உழைப்பில் ஒரு பங்கே நொறுங்கிவிடும்.

மற்ற நாடுகள் இதற்குத் தனி வாசல் வைத்திருக்கின்றன. பிரிட்டனில் தனி வண்டி அனுமதி என்ற முறை உண்டு. ஒருவர் தன் கொட்டகையில் கட்டிய காரைக்கூடச் சோதனைக்குக் கொண்டுபோகலாம். விளக்கு, பிரேக், கூர்முனை, புகை என்று அந்த ஒரு வண்டியைப் பார்த்து முடிவு சொல்வார்கள். கேட்டர்ஹாமைத் தொகுப்பாக வாங்கி வீட்டில் பூட்டுகிறவர்கள் இந்த வழியாகத்தான் சாலைக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் 2015-ல் வந்த சட்டம், பழைய கார்களின் வடிவில் ஆண்டுக்கு 325 வண்டிகள்வரை செய்கிறவர்களுக்கு மோதல் விதிகளில் தளர்வு கொடுத்தது. புகை விதியில் தளர்வு இல்லை. நம் அரசும் 2018-ல் ஒரு தளர்வு கொடுத்தது. வெளிநாட்டுத் தரச் சான்று பெற்ற கார்களை ஆண்டுக்கு 2,500 வரை இங்கே மறு சோதனை இன்றி இறக்குமதி செய்யலாம் என்று. கேட்டர்ஹாமுக்கு பிரிட்டனில் இருக்கும் வாசல் கோவைப் பட்டறைக்கும் வேண்டும். ஆண்டுக்கு ஐம்பது வண்டி என்று வரம்பு வைக்கட்டும். எஞ்சின் ஏற்கெனவே பிஎஸ் 6 தேறியதாக இருக்க வேண்டும் என்று சொல்லட்டும். கூட்டையும் பிரேக்கையும் ஒவ்வொரு வண்டியாகச் சோதிக்கட்டும். இவ்வளவுதான் கேட்பது.

பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆய்க்குடி வயல்களில் சுழலும் காற்றாலை இறக்கைகள் கண்ணாடி இழையும் ரெசினும்தான், எலீஸை ஒட்டிய எப்பாக்சியின் உறவுக்காரப் பொருள்கள். ஆண்டாண்டாக ஆடிக் காற்றைத் தாங்கி நிற்கும் அவற்றைப் பார்த்து யாரும் தேங்காய்ச் சிரட்டை என்று சொல்வதில்லை. ஆட்களுக்கும் பஞ்சமில்லை. கரி பாதையில் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டி நடக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். எஞ்சின் பெரும்பாலும் கேடிஎம் 390 பைக்கினுடையது. காற்று உள்ளே போகும் வழி 20 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எஞ்சினால் ஜெயிக்க முடியாதபடி கட்டிவைத்திருப்பதால் பிள்ளைகள் எல்லோரும் எடையைத்தான் துரத்துகிறார்கள்.

என் அக்கா மகன் ஒரு முறை அந்தப் போட்டியில் இருந்தான், நான் பார்க்கப் போயிருந்தேன். முதல் நாள் சோதனையில் காரை ஒரு சாய்மேடையில் ஏற்றினார்கள். ஓட்டுநர் உள்ளே அமர்ந்திருக்க, 45 பாகைவரை சாய்த்து ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். பிறகு 60 பாகை. மேல்பக்கச் சக்கரம் இரண்டும் மேடையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பவில்லை. பிரேக் சோதனையில் நாலு சக்கரமும் ஒன்றாகப் பூட்ட வேண்டும், மூன்றாவது முயற்சியில் பூட்டின. ஒரகடத்து மேசையில் கேட்கப்படும் கேள்விகளில் பலவற்றை இருபது வயதுப் பிள்ளைகள் எண்ணெய்க் கையோடு அங்கே நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நாள் மாலை ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்றது. கார் 230 கிலோதான், ஆறு பேர் சுற்றி நின்று கையாலேயே தூக்கி ஏற்றினார்கள். சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, கயிறு போட்டு, ஈரக் காற்றுக்குத் தார்ப்பாய் மூடினார்கள். அந்தக் கார் பாதையின் வாசல் கேட்டைத் தாண்டித் தன் சக்கரத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் சட்டப்படி குற்றம். மருமகன் ஏஸின் பின்தட்டில் ஏறி, காரின் மூக்கைக் கையால் அணைத்தபடி உட்கார்ந்துகொண்டான். "தென்காசி வரைக்கும் இப்படியேவா வரப்போற?" என்றேன். "முடிச்சு அவுந்துரும் மாமா, புடிச்சுக்கிட்டே வாரேன்" என்றான்.